வால்வைத் திருத்தினார்கள், துடிப்பை மறந்தார்கள்

இருதய வால்வு அறுவைச் சிகிச்சை செய்யும்போதே ஒழுங்கற்ற இருதயத் துடிப்பையும் சேர்த்துச் சரிசெய்வது பற்றிப் பேச வேண்டும் என்று இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தலைப்பு தந்திருக்கிறார்கள். கேட்பதற்கு மருத்துவத் தலைப்புதான். ஆனாலும் இதை நான் வரலாறாகவே சொல்ல விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

வால்வு சிகிச்சைக்குத் தயாராகும் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் மருத்துவர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார். “எப்படியும் மார்பைத் திறக்கத்தான் போகிறோம். அப்படியே துடிப்புக் கோளாறுக்கும் வைத்தியம் செய்துவிடலாமா?” குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இது என்ன புதிதாக இருக்கிறதே, பெரியம்மாவுக்கு இருபது வருடத்துக்கு முன்பு வால்வு மாற்றியபோது இப்படி யாரும் கேட்கவில்லையே என்ற சந்தேகம் எழுகிறது. நியாயமான சந்தேகம்தான். பெரியம்மாவுக்கு ஏன் கேட்கவில்லை, இன்று ஏன் கேட்கிறார்கள் என்பதில்தான் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் சுலபமாகும்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். இருதயத்தின் இடது பக்கத்தில் மேலறை ஒன்று, கீழறை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள கதவுதான் மைட்ரல் வால்வு. ஆயர்கள் அணியும் உயரமான தொப்பியைப் போல இரண்டு மடல் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. சிறு வயதில் தொண்டை வலியோடு வரும் ஒரு கிருமித் தொற்று சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சலாக மாறும். காய்ச்சல் போய்விடும். மூட்டு வலியும் போய்விடும். ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை தன் சொந்த வால்வையே தாக்கிவிட்டுப் போயிருக்கும். பத்து, இருபது வருடங்கள் கழித்து வால்வின் மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வழி குறுகிவிடும். கீழே இறங்க முடியாத இரத்தம் மேலறையில் தேங்கும். மேலறை பலூனைப் போல் விரியும்.

விரிந்த தசையில் மின்னோட்டம் ஒழுங்காக ஓடாது. இயல்பான இருதயத்தில் சைனஸ் கணு என்ற சிறு முடிச்சு நிமிடத்துக்கு அறுபது முதல் நூறு தடவை ஆணை பிறப்பிக்கும். மேலறை முழுவதும் ஒரே சீராகச் சுருங்கும். விரிந்துபோன மேலறையிலோ ஒரே நேரத்தில் பல மின்சுழல்கள் தோன்றி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 350-க்கு மேல், சில சமயம் 600 வரை. மேலறை சுருங்குவதில்லை, புழுக்கள் நெளிவதைப் போல் நடுங்குகிறது. இதைத்தான் மேலறை நடுக்கம் என்கிறோம். மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆக, வால்வும் துடிப்பும் ஒரே வீட்டின் இரண்டு கஷ்டங்கள். மருத்துவ உலகம் மட்டும் இரண்டையும் வெகு காலம் தனித்தனியாகவே பார்த்தது.

நாடி பிடித்தவர்கள்

நாடி பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சித்த வைத்தியர்கள் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துச் சொன்னார்கள். மேல்நாட்டு வைத்தியர்களும் தாறுமாறான நாடியை அறிந்திருந்தார்கள். 1785-ல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங், நரிக்கையுறை என்ற பொருள்படும் பெயருள்ள ஒரு பூச்செடியின் இலையைப் பற்றி நூல் எழுதினார். அந்த இலையிலிருந்து வந்ததுதான் டிஜிட்டாலிஸ் மருந்து. அது வேகமான நாடியை அடக்கியது. ஏன் அடக்குகிறது, அந்த நாடி ஏன் அப்படித் தாறுமாறாக ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியாது.

விடையின் முதல் நுனியைப் பிடித்தவர் ஒரு சாதாரணக் குடும்ப மருத்துவர். பெயர் ஜேம்ஸ் மெக்கன்ஸி. இங்கிலாந்தில் பர்ன்லி என்ற நூலாலை நகரத்தில் 1879 முதல் வைத்தியம் பார்த்தவர். பெரிய மருத்துவமனையில் இருந்தவர் அல்லர், பேராசிரியரும் அல்லர். ஆலைத் தொழிலாளிகளும் அவர்களின் மனைவிமார்களும்தான் அவருடைய நோயாளிகள். பெருநகர நிபுணர்களுக்கு இல்லாத ஒரு வசதி அவருக்கு இருந்தது. ஒரே நோயாளியைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்க்க முடிந்தது.

கடிகாரம் செய்யும் ஒருவரின் உதவியோடு அவர் ஒரு கருவி செய்தார். மணிக்கட்டு நாடியையும் கழுத்து நரம்பின் அசைவையும் ஒரே காகிதச் சுருளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டும் கருவி. கழுத்து நரம்பில் தெரியும் ஒரு சிறு அலை, மேலறை சுருங்குவதன் அடையாளம். மைட்ரல் வால்வு குறுகிய ஒரு பெண்ணை அவர் நெடுங்காலம் கவனித்து வந்தார். ஒருநாள் அந்தப் பெண்ணின் நாடி தாறுமாறாகிவிட்டது. அன்றிலிருந்து கழுத்தில் அந்தச் சிறு அலையைக் காணோம். மேலறை சுருங்குவதை நிறுத்திவிட்டது என்று மெக்கன்ஸி புரிந்துகொண்டார். முதலில் மேலறை முடங்கிவிட்டது என்று நினைத்தார். அது முழு உண்மையல்ல. ஆனால் கோளாறு மேலறையில்தான் என்று விரலைச் சரியான இடத்தில் வைத்தவர் அவரே. 1902-ல் அவருடைய நாடி ஆய்வு நூல் வெளிவந்தது.

மீதியை விளக்கியது இசிஜி. அந்தக் கருவியைக் கண்டுபிடித்த வில்லம் ஐந்தோவன் நம் வட்டாரத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1860-ல் ஜாவா தீவின் செமாராங் நகரத்தில் பிறந்தார். தந்தை இராணுவ மருத்துவர். தந்தை இறந்த பிறகு தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹாலந்துக்குத் திரும்பினார். லெய்டன் நகரத்தில் ஐந்தோவன் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்புத் தண்ணீர் வாளிகளில் கைகளையும் ஒரு காலையும் நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். நோயாளியைத் தூக்கி வர முடியாததால் தொலைபேசிக் கம்பி வழியாகவே இருதயத்தின் மின்துடிப்பை வரவழைத்தார். 1906-ல் வெளியிட்ட பதிவுகளில் தாறுமாறான நாடியின் படமும் இருந்தது. 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் படத்துக்கு 1909-ல் சரியான பொருள் சொன்னவர்கள் லண்டனின் தாமஸ் லூயிஸும், வியன்னாவின் ரோத்பெர்கர், விண்டர்பெர்க் இருவரும். மேலறை முடங்கவில்லை, ஓய்வில்லாமல் நடுங்குகிறது என்றார்கள். லூயிஸ், நாடி ஒழுங்கில்லாத குதிரையின் மார்பைத் திறந்து மேலறை நடுங்குவதைக் கண்ணால் பார்த்தே உறுதிப்படுத்தினார்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1912-ல் வெங்கெபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்தார். தன் நாடி தாறுமாறாகும்போது ஒரு கிராம் குவினைன் சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்றார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் வியாபாரி சீரான நாடியோடு வந்து நின்றார். மலேரியாவுக்குச் சாப்பிடும் அதே குவினைன்தான். அன்று உலகத்துக்குத் தேவையான குவினைனில் பெரும்பகுதி ஜாவாவின் சின்கோனா தோட்டங்களிலிருந்து போனது. 1918-ல் அதன் நெருங்கிய உறவான குவினிடின் துடிப்பைச் சீராக்கும் மருந்தாக வந்தது. நோயாளி சொல்லி மருத்துவர் கற்றுக்கொண்ட கதை இது. இப்படிப்பட்ட கதைகள் மருத்துவ நூல்களில் குறைவு, நடப்பில் அதிகம் என்பது என் எண்ணம்.

விரல் நுழைந்த பை

இனி அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். துடிக்கும் இருதயத்தில் கத்தி வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காலம் அது. 1923 மே மாதம் பாஸ்டனில் எலியட் கட்லர் ஒரு சிறுமியின் குறுகிய மைட்ரல் வால்வைக் கத்தியால் வெட்டி விரித்தார். சிறுமி நான்கு வருடங்களுக்கு மேல் வாழ்ந்தாள். அடுத்தடுத்துச் செய்யப்பட்டவர்கள் பிழைக்கவில்லை. கட்லர் நிறுத்திக்கொண்டார்.

1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர் வேறு வழியைக் கண்டார். கத்தியை விட்டுவிட்டு விரலை நுழைத்தார். இடது மேலறையின் ஓரத்தில் காது மடலைப் போல ஒரு சிறு பை தொங்கும். அதைத் திறந்து, ஆட்காட்டி விரலை உள்ளே விட்டு, ஒட்டிய வால்வை விரலாலேயே விலக்கினார். நோயாளியான இளம்பெண் பிழைத்து வீடு திரும்பினாள். வெற்றிதான். ஆனால் அதன்பின் ஒரு நோயாளியைக்கூட எந்த மருத்துவரும் சூட்டரிடம் அனுப்பவில்லை. கோளாறு வால்வில் அல்ல, தசையில்தான் என்று அன்றைய பெரிய மருத்துவர்கள் நம்பினார்கள். நல்ல வழி ஒன்று இருபது வருடத்துக்கு மேல் தூங்கியது. அந்தக் காலத்தில் மூச்சுத் திணறி இறந்த இளந்தாய்மார்களின் எண்ணிக்கையை யார் கணக்கெடுத்தார்கள்?

1948 ஜூன் 10-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் சார்ல்ஸ் பெய்லி அதே வழியை மீண்டும் திறந்தார். அதற்கு முன் அவர் கைவைத்த நோயாளிகள் இறந்திருந்தார்கள். மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக அவருக்குக் கதவடைத்தன. அன்று ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு சிகிச்சைகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் செய்த நோயாளி இறந்தார். செய்தி பரவி அடுத்த மருத்துவமனையும் தடை போடுமுன் அங்கே விரைந்தார். பிற்பகல் செய்த பெண் பிழைத்தார். ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணை ரயிலில் சிகாகோ மருத்துவ மாநாட்டுக்கு அழைத்துச் சென்று காட்டினார். அதே ஜூன் மாதம் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், செப்டம்பரில் லண்டனில் ரஸல் பிராக்கும் வெற்றி கண்டார்கள். பெய்லியின் துணிச்சலைப் புகழ்பவர்கள் உண்டு. காலையில் இறந்தவரின் குடும்பத்தை நினைத்தால் எனக்குப் புகழ வாய் வரவில்லை. ஆனாலும் அந்தப் பிற்பகல் இல்லாமல் பின்னால் பிழைத்த பல்லாயிரம் பேர் இல்லை.

அந்தப் பல்லாயிரத்தில் நம்மவர்களும் அடக்கம். மூட்டுவாதக் காய்ச்சல் ஏழை வீடுகளின் நோய். நெரிசலான வீட்டில் தொண்டைத் தொற்று சுலபமாகப் பரவும். தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த விரல் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றது. அங்கு சிகிச்சை பெற்ற 3,724 நோயாளிகளின் விவரத்தை ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் 1983-ல் வெளியிட்டார்கள். மேல்நாடுகளில் இந்தச் சிகிச்சை அருகிக்கொண்டிருந்த நேரத்தில், அதிகச் செலவில்லாமல் இவ்வளவு பேருக்குச் செய்துகாட்டியது சாதாரணம் அல்ல.

இப்போது அந்தக் காது மடல் பையை மறுபடியும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேலறை நடுங்கும்போது இரத்தம் முதலில் உறைவது அந்தப் பையில்தான். அறுவை மருத்துவர்கள் விரலை நுழைத்ததும் அதே பையில்தான். உள்ளே கட்டி இருந்து, விரல் பட்டு அது கழன்று மூளைக்குப் போனால் மேசையிலேயே பக்கவாதம். அதனால் பையைத் திறந்ததும் கொஞ்சம் இரத்தத்தைப் பீறிட விட்டுக் கட்டியை வெளியேற்றப் பார்த்தார்கள். 1949-லேயே ஜான் மேடன் என்ற அமெரிக்க மருத்துவர், கட்டி தோன்றும் இந்தப் பையையே வெட்டி எடுத்துவிடலாம் என்று எழுதினார். யோசனை இருந்தது. கையும் அதே இடத்தில் இருந்தது. ஆனால் அது நன்மை தருகிறது என்று பெரிய அளவில் நிரூபிக்க மேலும் எழுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த காலகட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1953-ல் இருதய-நுரையீரல் இயந்திரம் வந்தது. இருதயத்தை நிறுத்தி, திறந்து, கண்ணால் பார்த்து வேலை செய்ய முடிந்தது. 1960-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வை மைட்ரல் இடத்தில் பொருத்தினார்கள். 1984-ல் ஜப்பானின் கான்ஜி இனோவே, மார்பைத் திறக்காமலே பலூனால் வால்வை விரிக்கும் முறையை வெளியிட்டார். வால்வு வைத்தியம் எங்கேயோ போய்விட்டது. துடிப்பு வைத்தியம் நின்ற இடத்திலேயே நின்றது.

காரணம் ஒரு நம்பிக்கை. வால்வைச் சரிசெய்தால் மேலறையின் அழுத்தம் குறையும், துடிப்பு தானாகத் திரும்பும் என்று நினைத்தார்கள். துடிப்புக் கோளாறு புதிதாக வந்தவர்களுக்குச் சில சமயம் திரும்பியது. வருடக்கணக்கில் நடுங்கிய மேலறைக்குப் பெரும்பாலும் திரும்பவில்லை. தசைக்குள் நார்த்திசு படிந்து மேலறை தன் இயல்பையே மாற்றிக்கொண்டிருந்தது. வாசல் கதவை மாற்றினால் உள்சுவரின் ஈரம் காய்ந்துவிடுமா? 1962-ல் பெர்னார்ட் லவுன் கொண்டுவந்த மின் அதிர்ச்சி முறை துடிப்பைச் சீராக்கியது. ஆனால் பலருக்கு நாளாக ஆக மறுபடியும் தாறுமாறானது.

மாட்டுத் தீவனத்திலிருந்து மாத்திரை

கையில் இருந்த இன்னொரு ஆயுதம் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். நம் வீடுகளில் வால்வு மாற்றியவர்கள் இந்தப் பெயரை மறக்க முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி பனிப்புயலில் செத்த மாட்டையும் ஒரு கேன் உறையாத இரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பல வருட ஆய்வுக்குப் பிறகு 1948-ல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

துடிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிக்கையில் காட்டியது அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் நடந்த நீண்ட ஆய்வு. 1978-ல் வெளியான முடிவின்படி, மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வும் கெட்டிருந்தால் பதினேழு மடங்குக்கு மேல். அந்தப் பதினேழு என்ற எண்ணுக்குப் பிறகாவது அறுவை மருத்துவர்கள் துடிப்பைத் தங்கள் வேலையாக நினைத்திருக்க வேண்டும். ஒருவர் நினைத்தார்.

புதிர்ப்பாதை போட்ட மருத்துவர்

அவர் பெயர் ஜேம்ஸ் காக்ஸ். டியூக் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றவர். அங்கே 1968-ல் வில் சீலி என்ற அறுவை மருத்துவர், பிறவியிலேயே கூடுதல் மின்பாதை இருந்த ஒரு மீனவரின் இருதயத்தில் அந்தப் பாதையை வெட்டித் துண்டித்துத் துடிப்பைச் சரிசெய்திருந்தார். மின் கோளாறைக் கத்தியால் தீர்க்கலாம் என்பதற்கு அது வாசல் திறந்தது. ஆனால் மேலறை நடுக்கத்தில் வெட்டுவதற்கு ஒரு பாதை இல்லை. பல சுழல்கள், அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் அலைபவை. கோர்டன் மோ என்பவர் பல அலைகள் சேர்ந்துதான் நடுக்கத்தை உண்டாக்குகின்றன என்று 1960-களை ஒட்டிய காலத்தில் கருத்துச் சொல்லியிருந்தார். 1980-களில் ஹாலந்தின் மாரிஸ் அலெஸ்ஸி அதைச் சோதனையில் காட்டினார்.

காக்ஸ் இப்படி யோசித்தார். சுழல் சுற்ற இடம் வேண்டும். மேலறையைப் பல இடங்களில் வெட்டித் திரும்பத் தைத்தால், தையல் தழும்பு வழியாக மின்சாரம் போகாது. எந்த இடத்திலும் ஒரு முழுச் சுற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடலாம். அதே சமயம் சைனஸ் கணுவிலிருந்து கீழறைக்குப் போகும் வழி திறந்திருக்க வேண்டும். நடுவிலுள்ள தசைக்கெல்லாம் கிளை வழிகளும் வேண்டும், இல்லையென்றால் மேலறை சுருங்காது. ஒரு நுழைவாயில், ஒரு வெளிவாயில், நடுவில் பல முட்டுச்சந்துகள். சிறுவர் பத்திரிகைகளில் எலிக்குக் கேரட்டுக்கு வழி காட்டச் சொல்வார்களே, அந்தப் புதிர்ப்பாதைதான். சிகிச்சைக்கும் மேஸ் என்றே பெயர் வந்தது. 1987 செப்டம்பர் 25-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரத்தின் பார்ன்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குச் செய்தார்.

முதல் வடிவத்தில் குறைகள் இருந்தன. உடற்பயிற்சி செய்தாலும் சிலருக்குத் துடிப்பின் வேகம் ஏறவில்லை. வெட்டுகளை இடம் மாற்றி இரண்டாவது வடிவம், பின்பு 1992 வாக்கில் மூன்றாவது வடிவம் என்று திருத்தினார். மூன்றாவது வடிவம் நிலைத்தது. அவருடைய நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நடுக்கம் நின்றதாக வெளியான முடிவுகள் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தன. ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்து பார்க்கும் கண்டிப்பு அந்தக் காலத்து ஆய்வுகளில் குறைவு. நோயாளி நன்றாக இருக்கிறேன் என்பதும், அன்றைய இசிஜி சீராக இருப்பதும் பல இடங்களில் போதுமானதாக இருந்தன.

வால்வு சிகிச்சையோடு இதைச் சேர்த்துச் செய்வதில் ஜப்பானியர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஒசாகாவின் தேசிய இருதய மையத்தில் யோஷியோ கொசகாயும் குழுவினரும் மைட்ரல் நோயாளிகளுக்கு மேஸ் செய்த முடிவுகளை 1994-ல் வெளியிட்டார்கள். ஹிரோஷிமாவின் தைஜிரோ சுவேதா 1996-ல் இன்னும் சுருக்கமான வழியைச் சொன்னார். வால்வுக்காக எப்படியும் திறக்கும் இடது மேலறையில் மட்டும் வெட்டுப் போட்டால் பலருக்குப் போதும் என்றார். ஆசியாவில் மூட்டுவாத வால்வு நோயாளிகள் அதிகம். தேவை அதிகம் உள்ள இடத்தில் வழியும் பிறந்தது.

சுவேதாவின் எண்ணத்துக்கு 1998-ல் வலுவான ஆதாரம் வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. பிரான்ஸின் போர்தோ நகரத்தில் மிஷேல் ஹைஸகேரின் குழு, 45 நோயாளிகளின் இருதயத்தில் கம்பி செலுத்தி, நடுக்கத்தைத் தூண்டும் பொறி எங்கே பிறக்கிறது என்று தேடியது. கண்டுபிடித்த 69 இடங்களில் 65, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் இரத்தக் குழாய்களுக்குள் இருந்தன. காக்ஸின் புதிர்ப்பாதை அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றி ஏற்கெனவே வேலி போட்டிருந்தது. வேறு காரணத்துக்காகப் போட்ட வேலி, சரியான இடத்தில் விழுந்திருந்தது!

இவ்வளவு இருந்தும் மேஸ் பரவவில்லை. மேலறையை வெட்டி வெட்டித் தைப்பதற்கு நேரம் பிடிக்கும். இருதயத்தை நிறுத்திவைக்கும் நேரம் நீளும். இரத்தக் கசிவு பயம் வேறு. வால்வை மாற்றிவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றுதான் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நிலைமையை மாற்றியது கருவிகள். 2002-ல் ரால்ஃப் டமியானோ, காக்ஸின் வெட்டுக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலாக மேலறைச் சுவரை இடுக்கி போன்ற கருவியால் பிடித்து ரேடியோ அலைச் சூட்டால் கோடு போட்டார். மீதி இடங்களுக்குக் கடுங்குளிரால் உறையவைக்கும் கருவி. சூடோ குளிரோ, விளைவு ஒன்றுதான். தசை வெந்து அல்லது உறைந்து தழும்பாகிறது, மின்சாரம் நிற்கிறது. மைக்ரோவேவ், லேசர், ஒலி அலை என்று வேறு பல கருவிகளும் வந்தன. சுவரின் முழுக் கனத்துக்கும் தழும்பு விழாததால் அவை நிலைக்கவில்லை. கோட்டில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் மின்சாரம் நழுவிவிடும்.

எண்கள் சொல்வது

இப்போது குடும்பத்தாரின் கேள்விக்கு வருவோம். செய்தால் நன்மை உண்டா? 2015-ல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்று நேராகப் பதில் சொல்கிறது. மைட்ரல் வால்வு சிகிச்சை தேவைப்பட்ட, துடிப்புக் கோளாறு நீடித்த 260 பேரைச் சீட்டுக் குலுக்கியதைப் போல இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வால்வோடு துடிப்பு சிகிச்சையும் செய்தார்கள். மற்றதற்கு வால்வு மட்டும். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் மூன்று நாள் தொடர்ந்து துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் நடுக்கம் இல்லாதவர்கள், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேர். பெறாதவர்களில் 29 பேர்.

இரண்டு மடங்குக்கு மேல் நன்மை. ஆனால் விளம்பரங்களில் கேட்ட தொண்ணூறு அல்ல, அறுபத்து மூன்று. வாங்கிய விலையும் உண்டு. நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் துடிப்பு சிகிச்சை பெற்ற பிரிவில் இரண்டரை மடங்குக்கும் அதிகம். முதல் வருடத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, கூடுதல் சிகிச்சை உயிருக்கு ஆபத்தைக் கூட்டவில்லை, அந்த ஒரு வருடத்தில் ஆயுளைக் கூட்டியதாகவும் காட்டவில்லை. இதை மறைக்காமல் சொல்லும் மருத்துவரை நான் மதிப்பேன். 2017-ல் அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர் சங்கம், மைட்ரல் சிகிச்சையின்போது இதைச் செய்வதை மிக உயர்ந்த பரிந்துரையில் வைத்தது.

காது மடல் பையின் கதை 2021-ல் முடிவுக்கு வந்தது. 27 நாடுகளில் 4,800-க்கும் அதிகமான நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு அது. எல்லோருக்கும் மேலறை நடுக்கம் இருந்தது. எல்லோரும் வேறு காரணத்துக்காக இருதய அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்கள். பாதிப் பேருக்குப் பையை மூடினார்கள். ஏறத்தாழ நான்கு வருடத்தில், பையை மூடாதவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குப் பக்கவாதமோ அதுபோன்ற அடைப்போ வந்தது. மூடியவர்களில் 4.8. மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். பையை மூடியாயிற்று, மாத்திரையை விட்டுவிடலாம் என்று யாரும் தானாக முடிவெடுக்கக் கூடாது.

மாத்திரையிலும் ஒரு விஷயம். இப்போது அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. அதைக் கேள்விப்பட்டு, எனக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அந்த மாத்திரைகள் கூடாது. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு குறுகியவர்களுக்கும் பழைய வார்ஃபரினே மேல் என்பதை, மூட்டுவாத இருதய நோயாளிகள் நாலாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. புதிய மாத்திரையைச் சாப்பிட்ட பிரிவில் இறப்பு அதிகமாக இருந்தது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கங்கோங், முருங்கைக்கீரையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் அள்ளிப் போட்டு மறுவாரம் நிறுத்தாமல், ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

ஆகவே மருத்துவர் கேட்கும்போது நீங்களும் கேளுங்கள். துடிப்பு எத்தனை வருடமாகத் தாறுமாறாக இருக்கிறது, மேலறை எவ்வளவு விரிந்திருக்கிறது? நடுக்கம் புதிது, மேலறை அதிகம் விரியவில்லை என்றால் பலன் அதிகம். பத்து, பதினைந்து வருடமாக நடுங்கும் பெரிய மேலறையில் பலன் குறையும். பொருத்தப்போவது உலோக வால்வா? அப்படியானால் துடிப்பு சீரானாலும் வார்ஃபரின் ஆயுள் முழுவதும் தொடரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவை மருத்துவர் இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்பவரா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. கோடு இடைவெளியில்லாமல் விழுவது கைப்பழக்கத்தில் இருக்கிறது. துடிப்பு சிகிச்சை வேண்டாம் என்றே முடிவானாலும், அந்தப் பையை மூடுவது பற்றித் தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் துடிப்பு மறுபடியும் தாறுமாறானால், எல்லாம் வீணாயிற்று என்று கலங்கிவிடாதீர்கள். அறுபட்ட மேலறை வீங்கியிருக்கும். தழும்பு முழுவதும் இறுகவும் சில வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் முதல் மூன்று மாதத் துடிப்பை மருத்துவர்கள் வெற்றி தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பதிவு, ஆறாவது மாதம் ஒன்று, வருட முடிவில் ஒன்று. ஒரு நிமிட இசிஜி போதாது, குறைந்தது 24 மணி நேரப் பதிவு கேளுங்கள். பை மூடப்பட்டதா, எந்த முறையில் கோடு போட்டார்கள் என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.